எழுபத்தெட்டு சதவீதம் இருட்டு

1

நான் கடல் தாண்டவில்லை. ஓசூர் தாண்டினேன், அவ்வளவுதான். ஆனாலும் குடியாத்தத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவ வெளியூர்லயே செட்டிலாயிட்டா" என்று ஏதோ நான் கனடாவில் இருப்பது போலத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். இந்த ஆடியோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பெங்களூர் பக்கம் சந்தாபுராவில் இரண்டாவது மாடி, வாடகை வீடு. கீழே காய்கறி வண்டிக்காரரிடம் நான் திக்கித் திணறிக் கன்னடம் பேசினால் அவர் சிரித்துக்கொண்டே தமிழில் விலை சொல்வார். வீட்டுக்குள் நான் தமிழ் பேசினால்தான் வம்பு. என் மகள் நிலாவுக்கு ஒன்பது வயது. "சாப்பிட வாடி" என்றால் "ஆமேலே மம்மி" என்பாள். அப்புறம் என்று அர்த்தம். எல்லாமே அவளுக்கு ஆமேலேதான்.

மூன்று மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், நிலா என் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மம்மி, ஹேமா ஆன்ட்டி வீடியோல நம்ம தாத்தா ஸ்டோரி சொல்றாங்க."

"எந்த ஸ்டோரி?"

"அதான், மைன்ஸ்ல இருந்து மேல வர்றது. ஆனா மை ஃபாதர், மை ஃபாதர்னு சொல்றாங்க. தாத்தாவுக்கு நீ ஒருத்திதானே பொண்ணு?"

தோசை கருகியது. அன்றைக்கு யாருமே தோசை சாப்பிடவில்லை.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒவ்வொரு தடவையும் சொல்லி வாய் வலித்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறேன்" என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து சித்தப்பா, "எங்க வூட்டு சுவத்துக்கும் ஒரு கோட்டிங் அடிச்சுக் குடும்மா" என்று கேலி செய்வதை நிறுத்தவே இல்லை.

நீங்கள் ஒரு வெப்சைட்டைத் திறக்கிறீர்கள். பின்னால் ஒரு நிறம் மெல்ல இன்னொரு நிறமாக மாறிப் போகிறது, எங்கே மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குக் கிரேடியன்ட் என்று பெயர். பெயின்டும் கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது. இந்த நிறம் இத்தனை சதவீதத்தில் ஆரம்பிக்கட்டும், அந்த நிறம் இத்தனையாவது சதவீதத்தில் வரட்டும் என்று கம்ப்யூட்டர் மொழியில், அதாவது கோடில், ஒரு வரி எழுத வேண்டும். நடுவில் இருக்கும் அத்தனை நிறத்தையும் மெஷினே போட்டுக்கொள்ளும். அங்கேதான் தொந்தரவு. சில நிறங்களைச் சும்மா இரண்டு முனையிலும் வைத்து விட்டுவிட்டால் நடுவில் அழுக்குப் பிடித்துவிடும். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே சாம்பல் வரும். கருப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே கழுவாத எண்ணெய்ச் சட்டி நிறம் வரும். நடுவில் எந்த நிறத்தை, எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்தவள்தான் வேலைக்காரி. சும்மா சொல்லக்கூடாது, எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு புராஜெக்ட் வந்தது. காலையில் தூங்குகிறவர்களை வெளிச்சம் காட்டி எழுப்புகிற விளக்கு, அதற்கு ஒரு வெப்சைட். பக்கத்தைத் தள்ளத் தள்ள இருட்டிலிருந்து விடியலுக்கு வர வேண்டும். மூன்று தடவை செய்து கொடுத்தேன். மூன்று தடவையும் "சேறு மாதிரி இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை உட்கார்ந்திருந்தபோது எனக்கு அப்பாவின் கதை ஞாபகம் வந்தது.

அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்து, நான்கு வயசுப் பெண்ணான என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான குடியாத்தத்துக்கே வந்துவிட்டார். அதற்கப்புறம் தீப்பெட்டிக் கம்பெனியில் வாட்ச்மேன். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கவயல் கதைதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைத்தான் சொன்னார். நான் காபித் தட்டோடு நிற்கிறேன், இவர் சுரங்க லிஃப்டான கூண்டில் பாதாளத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறார்.

"கூண்டு மேல ஏறும் பாருங்க, அப்ப எல்லாரும் நெத்தி விளக்கை எரியவுட்டுனு வருவாங்க. நான் மட்டும் அணைச்சுடுவேன். வெளிச்சம் எப்படி வருதுன்னு பாக்கணும் எனக்கு. கொஞ்சம் கொஞ்சமாலாம் வராது. வழி பூரா இருட்டு, இருட்டு, ஒண்ணுமே கிடையாது. வந்து சேரப் போற நேரத்துல ஈரப் பாறை மேல சாம்பலும் நீலமுமா ஒண்ணு தெரியும். அப்புறம் பக்கத்துல நிக்கிறவன் பல்லு தெரியும். அதுக்கப்புறம்தான் மஞ்சள். அது ஒரே அடியா வந்து மூஞ்சியில விழும்."

இந்த "ஒரே அடியா"வுக்கு அவர் தன் முகத்தில் தானே உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிக்கொள்வார். ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்.

அதை அப்படியே கோடாக எழுதினேன். பூஜ்யத்திலிருந்து எழுபத்தெட்டு சதவீதம் வரை சுத்தக் கருப்பு. எண்பத்தாறில் சாம்பல் கலந்த நீலம். தொண்ணூற்று மூன்றில் பல் வெள்ளை. மிச்சம் இருக்கிற ஏழு சதவீதத்துக்குள் மஞ்சள் முழுக்க. அதற்கு மேலே ஒரு குறிப்பு வரியும் போட்டேன். கோடுக்குள் அப்படிக் குறிப்பு எழுதலாம். மெஷின் அதைக் கண்டுகொள்ளாது, கோடைப் படிக்கிற மனுஷருக்கு மட்டும். தமிழில் எழுதினேன்: அப்பா சொன்னது.

முதல் தடவையிலேயே ஓகே ஆனது.

3

ஹேமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்பாடிக்காரி. நான் பெங்களூர் வந்த அதே வாரம் அவளும் வந்தாள். ஒரே ஆபீஸ், ஒரே பிஜி ஹாஸ்டலில் ஒரே ரூம், ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு ஸ்பூன். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு, கன்னடத்தை மூன்றே மாதத்தில் பிடித்துவிட்டாள். நான் முதல் வருஷமே பிஜி ஓனரம்மாவிடம் மரியாதையாக "நீவு" என்று சொல்லாமல் "நீனு" என்று சொல்லி, அந்தம்மா முகம் சிவந்து நின்றபோது, ஹேமாதான் குறுக்கே புகுந்து ஏதோ பேசிச் சமாளித்தாள். அன்றிலிருந்து எனக்காக அவள்தான் பேசுவாள். ஓனரம்மாவிடம், கேஸ் ஏஜென்சியில், நிலா பிறந்தபோது ஆஸ்பத்திரி கவுன்டரில், கடைசியில் ஆபீஸ் மீட்டிங்கிலும். நான் செய்வேன், அவள் சொல்வாள். என் வாயை அவளிடம் கொடுத்து வைத்தேன், அதுதான் நான் செய்த தப்பு.

விளக்குக் கம்பெனியிடமும் அவள்தான் பேசினாள். அந்தக் கிரேடியன்ட் எப்படி வந்தது என்று அவர்கள் கேட்டபோது, "என் அப்பா சுரங்கத்துல இருந்தவர்" என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். அப்புறம் டிசைன் கூட்டம் ஒன்றில் மேடை ஏறி அதையே சொன்னாள். நிலா எனக்குக் காட்டியது அந்த வீடியோவைத்தான். ஹேமாவின் அப்பா ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வாழ்க்கையில் பார்த்த இருட்டு கரன்ட் கட்தான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு பார்த்தேன். "ஒரே அடியா" என்று வருகிற இடத்தில் அவள் தன் முகத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிக்கொண்டாள். எங்கள் அப்பாவின் கையை அல்லவா எடுத்துக்கொண்டு போய்விட்டாள்! குடியாத்தம் வீட்டுக்கு நான்கு தடவை வந்து, அம்மா கையால் சாப்பிட்டு, அப்பா எதிரில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக் கேட்டவள்.

திங்கட்கிழமை கேன்டீனில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஏன்டி, உனக்கு அப்பா இல்லையா?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஸ்பூனைக் கீழே வைத்தாள். "விஜி, அந்த நேரத்துல டக்குனு வாயில வந்துடுச்சு. என் ஃபிரெண்டோட அப்பான்னு சொன்னா அதுல ஃபீல் இருக்காதுடி."

"மேடையிலயும் டக்குனு வந்துச்சா?"

"ஒரு தடவை சொன்னதை எப்படி மாத்துறது? நீயா மேடை ஏறிச் சொல்லப் போற? யாராவது சொன்னாத்தானே அது வெளிய வரும்?" தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு குரல் மாறிவிட்டது. "இவ்ளோ பேசுறியே, கதைக்கு என்ன ஆதார் கார்டா இருக்கு?"

பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அழுது முடித்து எழுந்து வந்திருப்பேன். ஆதார் கார்டு கேட்டாள்.

4

எச்.ஆர். பிரிவில் புகார் கொடுத்தேன். அதற்கு ஒரு ஃபாரம். ஆறு பக்கம். எல்லாம் எடுத்த எடுப்பிலேயே ஆதாரம், ஆதாரம். "உங்களுக்கு நேர்ந்தது என்ன" என்ற கேள்விக்கு ஐந்நூறு எழுத்துக்குள் பதில் எழுத வேண்டுமாம். நான் எழுதியது ஆயிரத்தைத் தாண்டியது, வெட்டிக்கொண்டே போனேன். அம்மா சோறு போட்டது போனது, பிஜி ரூம் போனது, கடைசியில் "என் சக ஊழியர்" என்று ஒரு வார்த்தை மட்டும் ஹேமாவுக்கு மிச்சம் இருந்தது.

விசாரித்தவர் கிரீஷ் என்ற கன்னடக்காரர். பொறுமையான மனிதர். "விஜயா அவரே, கோட் விஷயம் கிளியர்" என்றார். "அவரே" என்பது கன்னட மரியாதை. எந்த வரியை யார் எழுதினார், யார் அழித்தார் என்பதையெல்லாம் பேரோடு சேர்த்து வைத்திருக்கும் பதிவு ஒன்று எங்கள் வேலையில் உண்டு. கிரேடியன்ட் வரிகள் அத்தனையும் என் பேரில் இருந்தன. "அப்பா சொன்னது" என்ற குறிப்பை அழித்தவர் என்று ஹேமாவின் பேர் இருந்தது. அந்த டிசைன் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அழித்திருக்கிறாள். டக்குனு வாயில் வந்ததாம்!

"ஆனா கதை?" என்றார் கிரீஷ். "ஹேமா என்ன சொல்றாங்கன்னா, உங்க ஃபாதரும் மைன்ல இறங்கினதுக்கு ப்ரூஃப் ஏதும் இல்லையே, அது பொதுவா எல்லாரும் சொல்ற கதைதானேன்னு கேக்கறாங்க. சர்வீஸ் சர்டிபிகேட் ஏதாவது இருந்தா தந்துடுங்க. முடிஞ்சது."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானா? சனிக்கிழமையே குடியாத்தத்துக்கு பஸ் ஏறினேன்.

5

நான் போனபோது அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். இதற்கு முன் ஃபோனில் இரண்டு தடவை கேட்டபோதும், "அது எங்கயோ கீது, பாக்கலாம்" என்று மழுப்பினார். வயசாகிவிட்டது, சோம்பல் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு பக்கம். அப்பா பேர், தாத்தா பேர், சேர்ந்த நாள், விட்ட நாள். வேலை: விளக்கு அறை உதவியாளர். பிரிவு: தரைக்கு மேல்.

இரண்டாவது தடவை படித்தேன். தரைக்கு மேல். வேலையில் இருந்த அத்தனை வருஷமும் தரைக்கு மேல். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்குக் காலையில் நெற்றி விளக்கை எடுத்துக் கொடுத்து, அவர்கள் மேலே வந்ததும் திருப்பி வாங்கி வைக்கிற வேலை. அந்தக் கூண்டில் என் அப்பா ஒரு நாளும் கால் வைக்கவில்லை.

அப்பா செருப்பைக் கழற்றும்போதே என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார்.

"நீ உள்ள இறங்கினதே இல்லையாப்பா?"

"இன்னாத்துக்கு இப்ப அது?"

"இறங்கினியா, இல்லையா?"

நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தினம் நூறு பேர் என் கைல விளக்கைக் குடுத்துட்டு போவாங்க. போறப்ப சொல்லுவாங்க. கேட்டதைச் சொன்னேன்."

"கேட்டதைச் சொல்லு, வேணாம்னு சொல்லல. நான் மட்டும் விளக்கை அணைச்சுடுவேன்னு சொன்னியே, அது யாரு? என் பொண்ணுகிட்டயும் சொல்லியிருக்கியேப்பா!"

"அதுல இன்னாம்மா தப்பு?" என்றார் அப்பா. எரிச்சலோடு ஒரு பார்வை. "கதைக்கு இன்னா ஆதார் கார்டா கீது?"

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும். எத்தனையோ வருஷமாக, அவர் முகத்தில் தட்டிக்கொள்ளும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தாள். தெரியாதவள் நான் ஒருத்திதான். ஹேமா என்னை ஏமாற்றியபோது எனக்குக் கோபம் வந்தது, சண்டை போட ஒரு தெம்பும் வந்தது. இவர்கள் ஏமாற்றியதற்குத் தெம்பே வரவில்லை. சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கிருஷ்ணகிரி வரை அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

6

அந்தக் காகிதத்தைக் காட்டாமல் இருந்திருக்கலாம். "கிடைக்கவில்லை" என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? சந்தாபுராவிலிருந்து ஆபீஸ் போகும் வழி பூரா அதைத்தான் யோசித்தேன். காட்டாவிட்டால் கதை பாதியாவது எனக்கு மிஞ்சும். காட்டினால் ஹேமாவுக்குக் கொண்டாட்டம். ஆனால் மறைத்தால் நானும் மூன்றாவது ஆளாக அந்தக் கூண்டில் ஏறி நிற்கிறேன் என்றுதானே அர்த்தம்?

மீட்டிங்கில் நான், ஹேமா, கிரீஷ். அன்றைக்கு எனக்காக யாரும் பேசவில்லை, நானே பேசினேன். இங்கிலீஷ் பாதி, கன்னடம் பாதி, முட்டிக்கொண்ட இடத்தில் தமிழ். காகிதத்தை மேஜையில் வைத்தேன்.

"என் அப்பா சுரங்கத்துல இறங்கல. லேம்ப் ரூம்ல இருந்தார். இது அவர் கதை இல்ல. ஆனா ஹேமா அப்பா கதையும் இல்ல."

கிரீஷ் காகிதத்தைப் படித்தார். "அப்போ யாரோட கதை, விஜயா அவரே?"

"கொத்தில்லா" என்றேன். தெரியாது.

ஹேமா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். முடிவைக் கிரீஷ் அங்கேயே சொல்லிவிட்டார். வேலை என் பேரில் இருக்கும், வீடியோவை எடுத்துவிட வேண்டும், அழித்த குறிப்பை நான் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். லிஃப்ட் அருகே ஹேமா, "உன் வேலை உன் பேருக்கு வந்துடுச்சு, இப்ப சந்தோஷமா?" என்று கேட்டாள். நான் படியில் இறங்கி வந்தேன். அதற்கப்புறம் நாங்கள் ஒரு மேஜையில் சாப்பிட்டதில்லை. அவள் வைக்கும் புளிக்குழம்பு இன்னமும் ஞாபகம் வருகிறது, அதுதான் கேவலம்.

7

குறிப்பைத் திரும்பப் போட உட்கார்ந்தேன். அப்பா என்று அடித்தேன், அழித்தேன். மறுநாளும் அப்படியே. எவ்வளவு சண்டை போட்டு வாங்கிய ஒரு வரி! அதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் மதியம் ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போய் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். குடியாத்தத்திலிருந்து வந்தபின் அதுதான் முதல் ஃபோன்.

"சாப்டியாம்மா?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"அப்பா, விளக்கை அணைச்சுட்டு வந்தது யாரு?"

அவர் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது. கட் பண்ணிவிட்டாரோ என்று பார்த்தேன்.

"நானூத்திப் பதினேழு" என்றார்.

"என்னது?"

"அவன் விளக்கு நம்பர். மேல வந்தா எல்லார் விளக்கும் சூடா இருக்கும்மா, கைல வாங்குறப்பவே தெரியும். அவன் ஒருத்தன் விளக்கு மட்டும் ஜில்லுனு வரும். ஏன்டா அணைச்சேன்னு ஒருநாள் கேட்டேன். அதுக்குத்தான் இந்தக் கதையைச் சொன்னான். அப்புறம் தினம் கேப்பேன், தினம் சொல்லுவான். மூஞ்சியில தட்டிக் காமிப்பான்."

"அவர் இப்ப எங்க இருக்காரு?"

"ஒருநாள் உள்ள பாறை வெடிச்சுது. சாயங்காலம் எல்லா விளக்கும் மாட்டியாச்சு. நானூத்திப் பதினேழு ஆணி மட்டும் காலியா இருந்துச்சு. விடியற வரைக்கும் அந்த ஆணியையே பாத்துனு இருந்தேன்." மூக்கை உறிஞ்சினார். "அதுக்கப்புறம் யார்கிட்டயாவது அதைச் சொல்லணும்னு இருந்துச்சும்மா. அவன்னு சொன்னா யாரும் நின்னு கேக்கல. நான்னு சொன்னேன், கேட்டாங்க."

ஹேமாவும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னாள். ஃபீல் இருக்காதுடி என்று.

"அவர் பேர் என்னப்பா?"

"அங்க பேர்லாம் கிடையாதும்மா. நம்பர்தான் கூப்புடுவோம்."

"இத்தனை வருஷமா அவர் கதையைச் சொல்லிச் சொல்லிப் பேர் வாங்கினியே. ஒரு நாளாவது அவர் பேரைக் கேட்டியா?"

"வெச்சுடறேம்மா" என்றார் அப்பா, வைத்துவிட்டார்.

கீழே வந்து சிஸ்டத்தைத் திறந்தேன். கருப்பு எழுபத்தெட்டு, நீலம் எண்பத்தாறு, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மேலே காலி வரி. நானூற்றுப் பதினேழு சொன்னது என்று அடித்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரியும் அடித்தேன்: பேர் தெரியாது, நாங்கள் யாரும் கேட்கவில்லை.